இந்த முகவரியில் யாரும் இல்லை

தார்த்துவில் பனி கொட்டிய இரவு
மாரிக்கா பதிப்பு 2.4-ஐ வெளியிட்டாள்.
அவள் கணினியில் ஓடியது.
ஓடாமல் என்ன?
வேண்டிய நூலகங்கள் எல்லாம்
அங்கேயே குடியிருந்தன.

மூன்றாம் நாள்
ஃபாரோ தீவில், கிளாக்ஸ்விக்கில்,
சுன்வா என்பவள்
ஸ்வெட்டருக்குக் கட்டம் போட
அதைத் திறந்தாள்.
திறக்கவில்லை.
ஒரே ஒரு வரி:
ஹோம் / மாரிக்கா / கோடை / நூல்கண்டு
கிடைக்கவில்லை.

"மாரிக்கா யார்?" என்று எழுதினாள்.
"என் கணினி காலையிலிருந்து
உங்களைத் தேடுகிறது.
அப்படி யாரும் இங்கே இல்லை என்று
அதற்கு எப்படிச் சொல்வது?"

போன கோடையில்
ஏரிக்கரை வாடகை அறையில்
கொசுவுக்கும் தூக்கத்துக்கும் நடுவே
அவசரத்துக்கு எழுதிய பாதை.
கட்டமைப்புக் கோப்பு, நாற்பத்தொன்றாம் வரி.
பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டு
கடல் தாண்டிப் போய்
இல்லாத வீட்டின் கதவைத்
தட்டியிருக்கிறது.

அந்த வரியை அழித்தாள்.
2.4.1.

"ஓடுகிறது" என்று பதில்,
கூடவே ஒரு படம்:
பாதி பின்னிய கை,
ஊசியில் தொங்கும் நீல நூல்.

இனி அந்தத் தீவில்
எந்த இயந்திரமும்
அவள் பெயரைச் சொல்லிக் கேட்காது.

அடுத்தது நார்வேக்காரர் ஒருவர்.
ஐகான் தெரியவில்லையாம்.