பேர் போடாதவை

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
என் மேசைக்கு நேரே ஒரு ஜன்னல்.
அதற்குள் ஒரு துண்டு மலை.
ஆனி மழையில் கொழுந்துக்குக் கொப்புளம் விழும்.
மழை விட்ட இடைவெளியில்
முதுகில் டாங்கியோடு ஆண்கள் வரிசையாக ஏறுவார்கள்.
அவர்கள் போன பிறகு இலையெல்லாம் வெளிர்நீலம்.
செப்பு மருந்து.

உதயசீலனும் அந்த வரிசையில் நின்றவன்தான்.
இருபத்து மூன்று வயது, கீழ்ப்பிரிவு.
மாசியில் கை நடுங்கத் தொடங்கியது.
அப்புறம் நாக்குத் தடித்தது,
சொந்தப் பெயரைச் சொல்ல மூன்று மூச்சு.
செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே
சுப்பர்வைசர் சிவப்பு மையில் எழுதினார்: குடி.
அன்றைக்கு அரைப்பேர்.
மறுநாள் அதுவுமில்லை.

கண் டொக்டர் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தபோது
கருவிழியின் ஓரத்தில் ஒரு வளையம்,
புளி போட்டுத் தேய்க்காத செம்பின் விளிம்புபோல.
"அடிச்ச மருந்து கண்ணுல ஏறிருச்சா மிஸ்?"
கேட்டது தங்கை, யோகரஞ்சினி.

இல்லை பிள்ளை.
இது தெளித்த செம்பு இல்லை, தின்ற செம்பு.
பருப்பில், கடலையில், மாசிச் சம்பலில்
எல்லோரும் தின்கிற துளிதான்.
எங்களிடம் அது தங்குவதில்லை.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நினைத்துக்கொள் என்றேன்.
ஈரல் அந்தக் கொட்டகை, சாக்கில் செம்பு.
ஏற்றிவிட ஓர் ஆள் நிற்கிறான், அவனும் புரதம்.
லொறிக்கு ஆறு சாக்கு, கணக்குப் பிசகாது.
அந்த லொறியும் புரதம்தான்,
பாரம் ஏறினால் நீலம்.
(பொய்யில்லை. பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தால் நீலம்.)
மிஞ்சியதைப் பித்த வாய்க்காலில் தள்ளுவதும்
அதே ஆளின் வேலை.

உன் அண்ணனுக்கு
அந்த ஆள் பிறவியிலேயே கை முடங்கியவன்.
லொறிகள் வெறுமையாகப் புறப்பட்டு
வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன.
சாக்குகள் கூரைமுட்ட ஏறி ஏறி
ஒருநாள் சுவர் இடிந்து
மூளைக்கும் கண்ணுக்கும் உருண்டிருக்கின்றன.

கண்டியிலிருந்து வந்த தாளில் ஒரே ஓர் எண்:
நான்கு.
இருபதுக்குக் குறையக் கூடாதது.

முதலில், செம்பைக் கவ்வி மூத்திரத்தில் இறக்கும் மருந்து.
பிறகு ஆயுள் முழுக்கத் துத்தநாகம்.
அது குடலுக்குள் ஒரு சின்னப் புரதத்தைத் தட்டி எழுப்பும்.
உடம்பெல்லாம் கந்தகம், இருபது கொக்கி.
எழுப்பியது துத்தநாகம்,
இறுக்கிப் பிடிப்பதென்னவோ செம்பை.
பிடியை விடாமலே அந்தக் குடற்செல்
நாலைந்து நாளில் செத்து உதிர்ந்து
செம்போடு வெளியே போய்விடும்.
நாள்தோறும் கோடிக்கணக்கில் உதிர்கின்றன.
எந்தச் செக்ரோலிலும் அவற்றுக்குப் பேர் போடுவதில்லை.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்,
இடது கையால் வலது கையை அமுக்கியபடி.
பிறகு மூன்று மூச்சில்:
"நான் குடிக்கலன்னு...
இதுல...
போட்டிருக்கா?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
அதற்கென்று ஒரு கட்டம் அச்சடிக்கவில்லை.
நான்குக்குக் கீழே
தமிழில் ஒரு முறை, சிங்களத்தில் ஒரு முறை
நான் எழுத அனுமதியில்லாத ஒரு வரியை எழுதி
முத்திரை குத்தினேன்.
அவன் மடித்த மடிப்பு நேராக வரவில்லை.
மூன்றாம் முறை வந்தது.

அடுத்து யோகரஞ்சினியின் முழங்கையைத் துடைத்தேன்.
கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு.
"நானுமா?" என்றவள்
ஊசி இறங்கும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.
மழை விட்டிருந்தது.
மலைத்துண்டின் கீழ் ஓரத்திலிருந்து
நீலம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.