சேனல் பதினாறு

பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறேன்.
எனக்கு முன்னால் ஏழு பெண்கள்,
விரல் மடக்கி எண்ணுகிற ஒரு பள்ளிக்கூடப் பையன்.
வள்ளவிளையில் தவக்காலத்து வெள்ளி.
கோயில் வாசலைத் தாண்டி
மணல் பாட்டுக்கு உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

ஞானோபதேச வகுப்பில் இரண்டு வகை சொன்னார்கள்:
அற்பப் பாவம், சாவான பாவம்.
அயனிச்சக்கை திருடினால் எதில் சேரும் என்று கேட்டு
ததேயுஸ் அடி வாங்கினான்.
அவனுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் கூடுதல்.

அன்றைக்குக் கரையிலிருந்து நூற்றிருபது கடல்மைல்.
ஐஸ் அறையில் நாலு டன் கேரை.
காற்று முகம் மாறியிருந்தது.
டீசல், வீடு வரைக்கும்தான்.
வயர்லெஸில் ததேயுஸ்:
இஞ்சினுக்குள்ள வெள்ளம் ஏறுது,
பக்கத்துல ஆராவது உண்டுமா மக்களே.
பிறகு எண்கள்.
அவன் ஒழுங்காகத்தான் சொன்னான்,
இரண்டு தடவை.

குமிழைத் திருகினேன்.
அணைக்கவில்லை, குறைத்தேன்.
ரேடியோவில் பாட்டுப் பிடிக்காவிட்டால்
யாரும் செய்கிற அசைவு.
கூட இருந்த ஒன்பது பேரும் உறக்கம்.
அல்லது, உறக்கம் என்று
நானும் அவர்களும் பேசாமலே முடிவு செய்தோம்.

ஒன்பது பேரையும் கரை சேர்த்தேன்.
இதையும் சொல்லணும்.
இதைச் சொல்லிச் சொல்லித்தான்
எட்டு மாதமாகச் சோறு இறங்குகிறது.

தேடப்போன முதல் போட்டு என்னுடையது.
ஆளில்லாத பெட்டிக்கு
முன்பக்கத்து வலது தோள் என்னுடையது.
கனமே இல்லை.
அல்போன்சாள் அழுகைக்கு நடுவே
என்னைக் காட்டி யாரிடமோ சொன்னாள்:
"பாவம், மூணு நாளா அந்த மனுஷன் உறங்கல்ல."

அவள் இரங்கிச் சொன்ன அதே சொல்லைத்தான்
முழங்காலில் நின்று
நான் இப்போது சொல்லியாக வேண்டும்.

பையன் வெளியே வந்து
படியிறங்கும் முன்னே ஓடத் தொடங்குகிறான்.

குடி, என்றேன்.
கெட்ட வார்த்தை.
இரண்டு ஞாயிறு பூசை காணவில்லை.
பெண்டாட்டியிடம் பணக்கணக்கில் பொய்.
அச்சனுக்குப் பழகிய சரக்கு,
தலையாட்டுவது கம்பிவலை வழியே தெரிந்தது.
"வேற?"

வலைக்கு அந்தப் பக்கம் மின்விசிறி.
ஒரு இரைச்சல், கொஞ்சம் கொஞ்சமாக
யாரோ கூட்டுகிறது மாதிரி.

ஏழு டிகிரி, என்று ஆரம்பித்தேன்.
ஏழு டிகிரி, நாற்பத்தொரு நிமிடம், வடக்கு.

அச்சன் விளங்காமல் காதை நெருக்கினார்.
இரண்டாம் தடவையும் சொன்னேன்.