டர்பன், அதற்கு மேல் வேண்டாம்

டர்பன் என்பது வரை சொல்லலாம்.
லட்சக்கணக்கில் ஆள் புழங்கும் ஊர்,
ஒருத்தி தொலைந்துபோக அது போதும்.

கேக் செய்வேன். வீடியோவில் கைகள் மட்டும் வரும்.
முகம் இல்லை, வளையல் இல்லை,
வலது மணிக்கட்டுத் தையலின் மேல்
ஒரு பிளாஸ்டர்.
ஆமாம், அதுவும் அவன் கைவண்ணம்தான்.
இடம் காட்டும் பொத்தானை
முதல் நாளே அணைத்தேன். தூங்கவும் தூங்கினேன்.

முதலில் காட்டிக்கொடுத்தது கெட்டில்.
பளபளக்கும் அதன் வயிற்றில்
என் ஜன்னல் வளைந்து கிடந்தது.
ஜன்னலுக்குள் எதிர்க்குன்று,
குன்றின் மேல் தண்ணீர்த் தொட்டி,
தொட்டியில் எவனோ பெயிண்டில் எழுதிய
காதலியின் பெயர், இடவலம் மாறி.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்,
வாய் உலர்ந்துபோனது.
கெட்டிலுக்குத் துண்டு போர்த்தினேன்.

பிறகு சத்தம்.
ஐந்தரை டாக்சியின் ஹார்ன்:
அந்த ஓட்டுநர் மட்டும் மூன்று தரம் அடிப்பான்,
நடுவில் ஒரு மூச்சு விட்டு.
கூரையில் கத்தும் ஹடீடா பரவாயில்லை,
அது ஊர் முழுக்கக் கத்துகிறது.
மேளம்தான் ஆபத்து.
எந்தக் கோயில் காவடி எந்தத் தெருவில்
எத்தனை மணிக்குத் திரும்பும் என்று
அவனுக்குத் தெரியும். அவனும் எடுத்தவன்தான்,
முதுகெல்லாம் கொக்கி, எனக்காக என்று சொல்லி.
சத்தத்தை எடுத்துவிட்டு
யாருடையதோ பியானோவை வைத்தேன்.

சர்க்கரைப் பையில் கடையின் விலைச்சீட்டு. கிழித்தேன்.
பிள்ளையின் பள்ளிச் சின்னத்தோடு கேக் கேட்டார்கள்.
செய்தேன், காசு வாங்கினேன், படம் எடுக்கவில்லை.

எல்லா ஓட்டையும் அடைத்தாயிற்று என்று
ஒரு புதன்கிழமை நேரலைக்கு வந்தேன்.
ரோஜா இதழ், மூன்றாவது சுற்று.
எட்டு மணி இரண்டு நிமிடத்துக்குக் கரண்ட் போனது.
இருட்டில் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.
திரையில் இதயம் இதயமாகப் பறந்தது,
நடுவே, படம் இல்லாத ஒரு கணக்கு:
"உங்களுக்கு எட்டு மணிக்கா?"

அவ்வளவுதான்.
இங்கே இருட்டுக்கு அட்டவணை உண்டு.
எந்தப் பகுதிக்கு எந்த மணி என்று
நகராட்சியே போட்டுத் தருகிறது.
நாலு புதன் பொறுமையாக உட்கார்ந்தால்
விளக்கு அணைவதை எண்ணியே
ஒருவன் என் கதவு வரை வந்துவிடலாம்.
அவனுக்குப் பொறுமை உண்டு.
மீன் பிடிக்கப் போனால் ஒன்பது மணி நேரம்
தூண்டிலைத் தவிர வேறெதையும் பாரான்.

இப்போதெல்லாம் இன்று செய்ததை எட்டு நாள் கழித்துப் போடுகிறேன்.
நேரலைக்கு வேறு வழி.
போன சனிக்கிழமை, எங்கள் பக்கம் விளக்கு எரிய,
ஊரின் மறுகோடிக்கு எழுதியிருந்த நேரத்தில்,
க்ரீம் அடித்துக்கொண்டே இடது கையை நீட்டி
மெயின் சுவிட்சை நானே இறக்கினேன்.
"ஐயோ, போயிடுச்சு!"
யாருக்கோ உரிய இருட்டை
இரண்டு மணி நேரம் இரவல் வாங்கினேன்.
தேடட்டும் அங்கே போய்.

கதவு தட்டப்பட்டது.

போனை மேசைமேல் கவிழ்த்தேன்.
ஸ்பாட்டுலாவைக் கத்திபோல் பிடித்திருந்தேன்
என்பது பிறகுதான் தெரிந்தது.
வெளியே மாடிவீட்டுக்காரி,
எத்தனையாவது மாடி என்று கேட்காதீர்கள்,
பெயர் நொம்புசோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கையில் மெழுகுவத்தி.
"எல்லா வீட்டிலும் எரிகிறது, உனக்கு மட்டும் என்ன?"

ஃபியூஸ் என்று ஆரம்பித்தேன்.
அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.
வெண்ணெய் பட்டுப் பிளாஸ்டர் நழுவியிருந்தது.
பேசவில்லை. உள்ளே வந்து
மெழுகை ஒரு சாசரில் சொட்டவிட்டு நிறுத்தினாள்,
திரும்பிப் போய்த் தாழ் போட்டாள்.
கீழ்த் தாழையும்.