பாதிப் பெட்ரோல்

கரிபூவிலிருந்து கல்லூரிக்கு இருபத்திரண்டு நிமிடம்,
பனி பெய்தால் ஐம்பது.
ரொஷெல் ஓட்டுவாள். பெட்ரோலில் பாதி என்னுடையது.
இரண்டு குளிர்காலம் அப்படித்தான் போனது.
இருக்கைக்கடியில் உருண்டுகொண்டே இருந்த உருளைக்கிழங்கை
நாங்கள் எடுக்கவே இல்லை.

மார்ச்சில் அவளுக்குக் கடிதம் வந்தது.
தெற்கே மூன்று மணி நேரத் தொலைவில்
பல்கலைக்கழகம் அவளை எடுத்துக்கொண்டது.
சேர்த்திருந்த நாற்பத்தெட்டு கிரெடிட்டில்
முப்பத்தொன்பதுதான் அங்கே செல்லுமாம்.
மண்ணியல் செல்லும்.
வெல்டிங் செல்லாக்காசு.
"தழும்பு தந்த பாடத்தைத்தான் கழித்திருக்கிறார்கள்"
உள்ளங்கையைக் காட்டிச் சிரித்தாள்.

நான் சொன்னேன்:
இன்னும் நான்கு பாடம்தானே, முடித்துவிட்டுப் போ.
அங்கே நடுவில் நின்றுபோனாலும்
கையில் ஒரு பட்டம் இருக்கும்.
அவள் வைப்பரைப் போட்டாள்.
"முடித்துவிட்டுப் போகிறேன் என்பவர்கள்
போவதில்லை."
என்னைத்தான் சொன்னாளா என்று
ஏழு மைல் யோசித்தேன்.
கேட்கவில்லை.

ஆகஸ்டில் போனாள்.
எனக்குப் பேச்சுக்கலை மிச்சமிருந்தது;
பன்னிரண்டு பேர் முன்னால் நின்று
டயர் மாற்றுவது எப்படி என்று ஆறு நிமிடம் பேசினேன்,
குரல் நான்காம் நிமிடத்தில்தான் வந்தது.
மே மாதம் என் பெயரைத் தப்பாக வாசித்துப் பட்டம் தந்தார்கள்.
அடுத்த திங்களே மருத்துவமனையில் வேலை:
ரத்தம் எடுப்பது, குழாய்களில் பெயர் ஒட்டுவது.
பல்லுக்கும் காப்பீடு உண்டு.
எனக்கு வருத்தமில்லை.
இதை யாரும் கேட்காமலேயே சொல்கிறேன்.

ரொஷெல் எப்போதாவது அழைப்பாள்.
கால்குலஸில் ஒருமுறை தோற்றாள்.
கடன் எவ்வளவு என்று சொன்னதில்லை.
உருளைக்கிழங்கு முளைவிட்டுவிட்டது என்றாள்.

வியாழக்கிழமை அவள் பெயருக்குத் தபால்,
அவள் கொடுத்துவைத்த என் முகவரிக்கு.
மடிக்கக் கூடாது என்று அச்சிட்ட அட்டை உறை.
அங்கே படித்ததை இங்கே கணக்கில் சேர்த்து
விட்டுப்போன பட்டத்தை அனுப்பியிருக்கிறார்கள்.
நான் வாங்கியதேதான். அதே முத்திரை, அதே கையெழுத்து.
அவள் யார் முன்னாலும் டயர் மாற்றவில்லை.

முதலில் சிரிப்புதான் வந்தது.
பிறகு என்ன வந்ததென்று தெரியவில்லை;
பாத்திரம் கழுவினேன்.

ஞாயிறு காலை
உறையைப் பக்கத்து இருக்கையில் நிறுத்தி
வளையாமலிருக்க பெல்ட் போட்டேன்.
முழுப் பெட்ரோலும் நானே அடித்தேன்.
மூன்று மணி நேரம், தெற்கே.
திரும்பி வரவும் போதுமா என்று
முள்ளைப் பார்க்கவில்லை.