அளவீட்டுப் புள்ளி ஏழு

வவுனியா வடக்கு, பாலைக்குளம்.
குளக்கட்டில் முக்காலி நட்டு
ஒலிமானியை விமானத் தளம் பார்த்துத் திருப்பினோம்.
படிவத்தில் பறவைகளுக்கு இரண்டு பக்கம்:
நத்தைகொத்தி நாரை நாற்பத்தொன்று,
முதற் பறப்பில் எழும்பின,
பதினோராம் நிமிடம் திரும்பி இறங்கின.
"பழகிவிடும்" என்றார் கொழும்பு அதிகாரி.
எழுதினேன்.

மனிதருக்கு ஒரேயொரு கேள்வி.
தொந்தரவா? ஆம், இல்லை, கருத்தில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் செத்தல் காயவைத்துக்கொண்டிருந்த
தவறஞ்சினி சொன்னா:
"இல்லைத் தம்பி, பயிற்சிதானே.
எங்கட மாடுதான் கொஞ்சம் வெருளும்."

மூன்றாவது பறப்பு
முதிரை மரங்களுக்கு மேலால் தாழ வந்தது.

அதிகாரி நெற்றியில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார்.
நான் புல்லில் குப்புறக் கிடந்தேன்,
வாயைத் திறந்து, காதைப் பொத்தி.
வேலிக்கு அந்தப் பக்கம்
செத்தலுக்கு மேல் அவவும்.
முக்காலியை எப்போது தட்டி விழுத்தினேன்?

எழும்பித் தூசு தட்டினோம்,
ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல்.
மண்ணில் கிடந்த மானி எண்பத்தெட்டு காட்டியது.
அதில் எவ்வளவு விமானம்,
எவ்வளவு என் நெஞ்சு?

"இது கணக்கில் வராது" என்றார் அதிகாரி.
"நாலாவதை எடுப்போம்."

தவறஞ்சினி தலைமயிரிலிருந்து
மிளகாய் விதைகளை ஒவ்வொன்றாய் எடுத்தா.
மாடு மேய்ந்துகொண்டிருந்தது.