நான்கு பாகை

ராலின்ஸுக்கு வெளியே, பனி உருகிய சேற்றில்
பிக்கப்புக்கு அடியில் கிடக்கிறாள் வெர்னா டகெட்.
பின்அச்சுக்குப் புது அலுமினிய மூடி,
மீன்செவுள் மாதிரி வரிவரியாய்.
சூட்டை உறிஞ்சிவிடும் என்றிருந்தான் கடைக்காரன்.

குதிரை டிரெய்லரோடு கணவாய் ஏறி இறங்கி
வெப்பமானியை நீட்டிப் பார்த்தாள்.
பழைய தகரத்தைவிட நான்கு பாகை குறைவு.
அன்று காற்றும் அடித்தது.
அந்த நான்கு யாருடையதோ.

"அழகுக்குன்னு சொல்லிட்டுப் போயேன்"
என்றான் கிளெட்டஸ்.

பழையதைக் கழற்றப் பத்து போல்ட்,
அரைநாள், ஆயிரம் வசவு;
யார் திறந்து பார்த்தார்கள்?
இதில் அடியில் ஒரே திருகு.
சும்மாதான் திருகினாள்.

எண்ணெய் கறுப்பாய் இறங்கியது.
திருகின் காந்த நுனியில்
நரைமீசையாய் இரும்புத்தூள்,
அதற்குள்
குறுணையளவில் உடைந்த பல்.

நாளைக்குக் குதிரைகள் நடக்கட்டும்.