தரம் அறுபத்திரண்டு

மாங்குளத்தில் வாங்கின டிஷ்,
முந்தி ஆரோ வீட்டில் இருந்தது.
விளிம்பில் ஒரு நெளிவு.
அதற்காக ஐந்நூறு குறைத்தான்.

குழாய் நட இரண்டு முழம் கிண்டவேண்டும்.
கிண்டவில்லை.
தண்ணீர்த் தாங்கிக்குக் கட்டின சீமெந்துத் தூணிலேயே
கம்பியால் இறுக்கிவிட்டேன்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
மண்வெட்டி எடுக்கமுதல்
இன்னும் ஒருக்கால் யோசிக்கிறோம்.

ஏணியில் ஏறுவது நான்.
இவருடைய ஒரு கால் ஏணிக்குச் சம்மதிக்காது.
அதைக் கழற்றிக் கதிரையில் சாத்திவிட்டு
டிவிக்கு முன்னால் ரிமோட்டோடு இருக்கிறார்.
வாசலில் அபிநயன், வயது ஏழு.
உள்ளிருந்து வரும் இலக்கத்தை
மேலே எறிகிற வேலை அவனுக்கு.

போனில் திசைகாட்டி சுழன்று சுழன்று
தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில் நின்றது,
பக்கத்துக் காணிப் பாலைமரத்துக்கு மேலால்.
சாய்வு வேறு கணக்கு.
நோர்வேயில் தம்பி வீட்டு டிஷ்
சுவர்மாதிரி நிமிர்ந்து நிற்குமாம்,
வானத்தின் காலடியில் எதையோ தேடி.
இங்கே செய்மதி உச்சந்தலைக்குக் கிட்ட.
மல்லாத்திப் பிடிக்கவேண்டும்,
கஞ்சிக்கு நீட்டின கோப்பைமாதிரி.

நானும் மல்லாந்து பார்த்தேன்.
வண்டு சுற்றின நாட்களில்
இந்த வானத்துக்கு முதுகை மட்டும் காட்டினேன்.
இப்போது பதின்மூன்றாம் நம்பர் சாவியோடு
அதனிடம் ஒரு மில்லிமீற்றர் கேட்கிறேன்.

"எத்தினையாம்?"
"பூச்சியம்."
கொஞ்சம் அங்காலை.
"பூச்சியம். அப்பா தேத்தண்ணி கேக்கிறார்."
கொஞ்சம் இஞ்சாலை.
"பதினொண்டு! இல்லை, போட்டுது."

போனதைத் திரும்பப் பிடிக்க மூச்சை அடக்கினேன்.
கீழே தார்வீதியில் காயும் நெல்லை
ஒரு மாடு முகர்ந்தது.
கத்தினால் கை ஆடும். கத்தவில்லை.
"முப்பத்திநாலு. நாப்பத்தொம்பது.
அம்மா தொடாதை! அறுபத்திரண்டு!
தொடாதையெண்டு அப்பா அழுறார்!"

அழவில்லை.
பெடியன் கூட்டித்தான் சொல்லுவான்.

நான் இறங்கி வர, தேடல் பாதி முடிந்திருந்தது.
பெயர்கள் ஏறிக்கொண்டே இருந்தன,
இந்தி, தெலுங்கு, ஒடியா,
எந்த மொழியென்று தெரியாத இரண்டு.
டொலர்க் குறி போட்டதெல்லாம் பூட்டினது.
முன்னூற்றுப் பதினாறில்
இருநூற்றெழுபதுக்கு டொலர்.
திறந்து கிடந்தவற்றில்
ஒருவர் மூட்டுவலித் தைலம் விற்றார்.
ஒன்றில் நிறப்பட்டைகள் மட்டும், கீச்சென்ற சத்தத்தோடு.
அபிநயனுக்கு அதுதான் பிடித்தது.

இருநூற்றெட்டுக்குப் பெயரே இல்லை. கறுப்பு.
இவர் அதில் கனநேரம் நின்றார்.
"என்ன வருது?"
"ஒண்டுமில்லை. தரம் எழுபது காட்டுது."

பிறகு தமிழில் ஒரு பெண், பச்சைச் சேலை,
முதுகுக்குப் பின்னால் வரைபடம்.
கோடியக்கரை வரைக்கும் ஊருக்கு ஊர் பெயர்.
அதற்கங்கால் நாங்கள்,
பெயரெழுதாத சாம்பல் துண்டு,
பாதியை அவவின் முழங்கை மறைத்தது.
வேதாரணியம், இராமேசுவரம்
இன்று மாலை இடியோடு மழை என்றா.
கையை எடுத்தபோது கண்டேன்,
சுழி கிழக்கே நின்றது.
அங்கே போவதென்றால்
எங்கள்மேலால்தான் போகவேண்டும்.

நெல்!

எழுத்தழிந்த தறப்பாளை இழுத்து மூடிக்
கல் வைக்க முதல்துளி.
எதிர்வீட்டுச் சாந்தரூபிக்கும் கத்தினேன்.
"ஆர் சொன்னது?"
"டிவி!"
"எந்த நாட்டு டிவி?"
பதில் சொல்ல நேரமில்லை.

நனைந்து உள்ளே வந்தால்
திரை நீலம். சிக்னல் இல்லை.
இவர் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டுகிறார்.
டிஷ்ஷில் தேங்கின தண்ணீர்
அந்த ஐந்நூறு ரூபா நெளிவால் வழிகிறது.
வாசலில் அபிநயன்,
ஆரும் கேட்காமலே
மழைக்குள் கத்துகிறான்:
பூச்சியம்.
பூச்சியம்.
மூண்டு.
பூச்சியம்.